கில்பர்னிலிருந்து வெஸ்ட் ப்ராம்விச் வரை: சில பழைய பப்களைத் தேடி

திங்கள், கில்பர்ன்

லண்டனில் பெட்டியை வைத்த கையோடு கார்ல்டன் டாவர்னைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். இந்தப் பயணமே அதற்காகத்தான். 2004 வாக்கில் கில்பர்னில் ஒரு அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தபோது எங்கள் பகுதிக்கு இருந்த பப் அது. 2015இல் அதை இடித்துவிட்டார்கள் என்று சென்னையில் உட்கார்ந்து செய்தியில் படித்தேன். 2021இல் அதே இடத்தில் அதே உருவத்தில் மறுபடி கட்டித் திறந்தார்கள் என்பதையும் செய்தியில்தான் படித்தேன். நேரில் பார்க்க இப்போதுதான் வாய்த்தது.

பேக்கர்லூ லைனில் கில்பர்ன் பார்க் ஸ்டேஷன். 1915இல் திறந்தது, முகப்பு முழுக்கக் கருஞ்சிவப்பு ஓடு. அங்கிருந்து கார்ல்டன் வேல் தெருவில் கொஞ்சம் நடந்தால் பப். ஒரு பக்கம் சவுத் கில்பர்ன் கவுன்சில், அதாவது உள்ளாட்சி, கட்டிய குடியிருப்புகள். இன்னொரு பக்கம் பேடிங்டன் ரெக்ரியேஷன் கிரவுண்ட். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிக் காட்டிய ரோஜர் பானிஸ்டர் பயிற்சி எடுத்த மைதானம். இரண்டுக்கும் நடுவில், அக்கம்பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேறு பழைய கட்டடமே இல்லாமல், தனியாக நிற்கிறது டாவர்ன்.

அது தனியாக நிற்பதற்கும் காரணம் உண்டு. முதல் உலகப்போரில் குண்டு விழுந்து முந்தைய கட்டடம் போனபிறகு, சாரிங்டன் மதுபான நிறுவனம் 1920-21இல் கட்டிய பப் இது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் பாட்டர். இரண்டாம் உலகப்போரில் அந்தத் தெருவே விழுந்தபோது இது மட்டும் தப்பித்தது. கீழ்த்தளத்தில் மெருகு ஓடு, மேலே செங்கல், ஓட்டிலேயே பதித்த எழுத்துகள். ஒரு வாசல் பொது பாருக்கு, இன்னொன்று சற்று வசதியான சலூன் என்ற அறைக்கு என்று பிரித்து வைத்திருந்த காலத்தின் தடம் அந்த எழுத்துகள்.

நான் மது தொடுவதில்லை. பக்கத்து வீட்டு ஐரிஷ் பெரியவர் ஒருவர்தான் என்னை முதன்முதலில் அங்கே அழைத்துப் போனார். போருக்குப் பின் கட்டட வேலைக்காக வந்து கில்பர்னில் தங்கிவிட்ட ஐரிஷ்காரர்கள் ஏராளம், அவரும் அப்படி வந்தவர். "தனியாக ரூமில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய், வா" என்றார். நம்மூர் டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு போன எனக்கு அங்கே பார்த்தது வேறு உலகம். பாட்டிகள் பிங்கோ சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருடைய நாய் மேசைக்கடியில் தூங்கியது. மேசைக்கு யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். நாம்தான் எழுந்துபோய் கவுன்டரில் நின்று வாங்க வேண்டும். அங்கே வரிசை கிடையாது. ஆனாலும் யார் முதலில் வந்தார், யார் அடுத்து என்பது உள்ளே நிற்பவருக்கும் தெரியும், வெளியே நிற்பவருக்கும் தெரியும். நமக்கு முன்னால் ஒருவர் இருந்தால், "இவர் எனக்கு முன்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் நான் கற்ற முதல் மரியாதை அதுதான்.

அப்புறம் ரவுண்டு. நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் வாங்கித்தர வேண்டும். என்னுடையது லைம் அண்ட் சோடா, மற்றவர்களுடையது ஒரு பைன்ட் பீர், அதாவது 568 மில்லி. விலையில் ஏகப்பட்ட வித்தியாசம். ஆனாலும் என் முறை வந்தால் நானும் வாங்கினேன். அதில்தான் அந்த மேசையில் எனக்கு இடம் கிடைத்தது. இரவு பதினொன்றுக்குச் சற்று முன்னால் மணி அடிப்பார்கள். கடைசி ஆர்டர். பதினொன்றுக்கு இன்னொரு மணி, அதன்பின் குடித்து முடிக்க இருபது நிமிடம். 2005 நவம்பரில் புதிய உரிமச் சட்டம் அமலுக்கு வரும்வரை பெரும்பாலான பப்களில் அதுதான் வழக்கம். சிகரெட் புகை மட்டும் கண்ணைக் கரிக்கும். 2007 ஜூலையில் தடை வந்தபோது நான் ஊர் திரும்பிவிட்டேன்.

இனி 2015 கதை. கட்டடத்தை வாங்கியிருந்த நிறுவனம் அங்கே பத்து ஃபிளாட் கட்ட அனுமதி கேட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் ஜனவரியில் மறுத்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று அக்கம்பக்கத்தார் மோப்பம் பிடித்துவிட்டார்கள். கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தார்கள். பாரம்பரியத் துறையினர் வந்து ஓடுகளைப் பிளாஸ்டரில் அச்செடுத்தார்கள், உள்ளும் புறமும் படம் பிடித்து ஆவணமாக்கினார்கள். ஈஸ்டர் திங்களன்று, சரக்குக் கணக்கெடுக்க வேண்டும், கடையை மூடு என்று பப்பை நடத்திவந்த அம்மாளுக்குச் சொல்லப்பட்டது. அடுத்த இரண்டு நாளில் புல்டோசர் வந்துவிட்டது. பட்டியலில் சேர்க்கும் பரிந்துரை வெளிவர வேண்டிய நேரத்தில் கட்டடம் குப்பை மேடாகக் கிடந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். அபராதம் கட்டுவார்கள், ஃபிளாட் எழும்பும். லண்டனில் ஒரு பப் தரும் வருமானத்தையும் அதே நிலத்தில் நிற்கக்கூடிய வீடுகளின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அபராதமெல்லாம் சில்லறை. கவுன்சில் இங்கே வேறு மாதிரி உத்தரவு போட்டது: இடித்ததை இருந்தபடியே திரும்பக் கட்டு. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. பொது விசாரணை நடந்தது. 2016இல் திட்ட ஆய்வாளர் உத்தரவை உறுதி செய்தார். அச்செடுத்து வைத்த ஓடுகளும் இடிபாட்டில் பொறுக்கிய செங்கற்களும் அப்போது கைகொடுத்தன. முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லாமல் போயிருந்தால் உத்தரவு காகிதத்தோடு நின்றிருக்கும்.

இன்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மரம் புதுசு, வாசனையும் புதுசு. கவுன்டர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. முகப்பில் கைவைத்துப் பார்த்தபோது பழைய ஓட்டுக்கும் புது ஓட்டுக்கும் நிறத்தில் ஓர் இழை வித்தியாசம் தெரிந்தது. பழையது சில இடங்களில் விளிம்பு உடைந்து, மெருகில் மயிரிழை வெடிப்புகளோடு இருக்கிறது. உள்ளே இப்போது பெரும்பாலும் இளம் பெற்றோர், தள்ளுவண்டியில் குழந்தைகள், தட்டு நிறைய நல்ல சாப்பாடு. பழைய பாட்டிகளில் ஒருவரையும் காணவில்லை. அந்த ஐரிஷ் பெரியவர் நான் ஊருக்கு வந்த சில வருடங்களில் காலமாகிவிட்டார். இது பழைய பப் தானா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வேன். ஆட்கள் மாறத்தான் செய்வார்கள். உட்கார ஓர் இடம் மிஞ்சியிருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

செவ்வாய், நன்ஹெட்

தென்கிழக்கு லண்டன். ஸ்டூவர்ட் ரோட்டில் ஐவி ஹவுஸ். 1930களில் ட்ரூமன் நிறுவனம் கட்டிய பெரிய பப், உள்ளே ஓக் மரப் பலகைச் சுவர்கள், திரைச்சீலையோடு ஒரு மேடை. 1970களில் நியூலண்ட்ஸ் டாவர்ன் என்ற பெயரில் இருந்தபோது இயன் டூரி, ஜோ ஸ்ட்ரம்மர் போன்ற ராக் பாடகர்கள் பெரிய பெயர் எடுக்கும் முன்பு பாடிய மேடை.

2012இல் சொத்துக்காரர்கள் இதை மூடி விற்கக் கிளம்பினார்கள். பப் நடத்துகிறவர் பெரும்பாலும் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முன்பு பீர் காய்ச்சும் நிறுவனங்களே பப்களையும் வைத்திருந்தன. நடத்துகிறவர் அவர்களிடம்தான் பீர் வாங்க வேண்டும். சந்தையைத் திறந்துவிடுகிறோம் என்று 1989இல் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது: இரண்டாயிரத்துக்கு மேல் பப் வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் பிடியைத் தளர்த்த வேண்டும். அவர்கள் விற்றவற்றை மொத்தமாக வாங்கியவை பெரும்பாலும் பீரே காய்ச்சாத கம்பெனிகள். கடன் வாங்கிச் சொத்து சேர்த்த கம்பெனிகள். வாடகையும் அவர்களுக்கு, அவர்கள் சொல்லும் விலையில்தான் சரக்கும். பப் நடத்துகிறவர் இரண்டு பக்கமும் நசுங்கினார். கடன் முற்றியபோது கம்பெனிக்குக் கண்ணில் பட்டது கட்டடங்களின் நிலமதிப்பு. பிரிட்டனில் 2000வாக்கில் அறுபதாயிரம் என்றிருந்த பப்களின் எண்ணிக்கை இருபது வருடங்களில் நாற்பத்தேழாயிரம் அளவுக்கு இறங்கியதில் சூப்பர்மார்க்கெட் மலிவு பீருக்கும் புகைத் தடைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் என் பார்வையில் இந்தச் சொத்துக் கணக்குதான் ஆழமான காயம்.

நன்ஹெட்காரர்கள் முதலில் அவசர அவசரமாகக் கட்டடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். பிறகு 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். ஊருக்குப் பயன்படும் சொத்து என்று கவுன்சில் ஓர் இடத்தைப் பதிவு செய்துவிட்டால், அது விற்பனைக்கு வரும்போது ஊர்க்காரர்கள் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். நாட்டிலேயே அப்படிப் பதிவான முதல் பப் ஐவி ஹவுஸ். 8,10,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். பெரும்பகுதி கடனும் மானியமும். 371 பேர் பங்கு வாங்கினார்கள். 2013 ஆகஸ்டில் கூட்டுறவாகத் திறந்தது.

எல்லாம் சுபம் என்று இல்லை. 2018இல் வேலையாட்கள் சிலரை நீக்கியதை எதிர்த்து, நிச்சயமான வேலை நேரம் இல்லாத ஒப்பந்தத்துக்கு எதிராக, ஊழியர்கள் வெளிநடப்பு செய்து வென்றார்கள். ஊரே முதலாளியானால் தொழிலாளிக்கு ஊரோடு சண்டை வரும். அது எனக்கு ஏமாற்றமாகப் படவில்லை. சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ள எதிரே உட்கார்ந்து பேச ஆள் இருந்தார்கள்.

மாலையில் மேடைக்குப் பக்கத்து அறையில் குழந்தைகளுக்கு ஏதோ வகுப்பு, இந்தப் பக்கம் பெரியவர்கள். பீர் பம்பின் நீண்ட கைப்பிடியைக் கவுன்டரில் இருந்த பெண் இழுக்க இழுக்க நுரை மெல்ல ஏறி, கோப்பையின் அளவுக் கோட்டைத் தொட்டு நின்றது. பீப்பாய் கீழே நிலவறையில் இருக்கிறது. அதில் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கும். சரியான குளிர்ச்சியில் வைத்து, திறந்த சில நாட்களுக்குள் விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். கூட்டம் வராத பப்பில் நல்ல பீர் கிடைக்காது என்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

புதன், சவுத்தால்

காலையில் தோசை சாப்பிட சவுத்தால் போனேன். சவுத் ரோட்டில் இப்போது தென்னிந்திய சைவ உணவகம் இருக்கும் இந்தக் கட்டடம் முன்பு கிளாசி ஜங்ஷன் என்ற பஞ்சாபி பப். இந்திய ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு பீர் ஊற்றிய பப் என்று பெயர் பெற்றது. நான் கில்பர்னில் இருந்தபோது சவுத்தால் வரும் நண்பர்கள் எல்லோரும் அதைக் காட்டாமல் விடமாட்டார்கள். 2012இல் மூடிவிட்டார்கள். பீர் ஊற்றிய இடத்தில் சாம்பார் வாளி நடமாடுகிறது. எனக்குப் பப்பும் பிடிக்கும், சாம்பாரும் பிடிக்கும் என்பதால் கட்டடத்தின் மேல் கோபம் வரவில்லை. பங்களாவாகவோ பூட்டிய கதவாகவோ ஆகாமல், இன்னும் யாரும் உள்ளே போய் உட்காரலாம் என்ற நிலையில்தான் இருக்கிறது.

அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில் இருந்த ஹாம்பரோ டாவர்னின் கதை கசப்பானது. 1981 ஜூலை 3 அன்று அங்கே ஸ்கின்ஹெட் எனப்படும், தலையை ஒட்ட மழித்த வெள்ளை இளைஞர் கூட்டத்தின் இசைக்குழுக்கள் நடத்திய நிகழ்ச்சி. வெளியூரிலிருந்து வந்த கும்பல் தெருவில் ஆசியர்களின் கடைகளை உடைத்தது, ஆட்களைத் தாக்கியது. திரண்டு வந்த ஆசிய இளைஞர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் மூண்டு, இரவில் பப் தீக்கிரையானது. பப் என்றாலே நேசம், தோழமை என்று எழுதிக்கொண்டே போகும் கட்டுரைகளில் இந்தப் பக்கம் விடுபட்டுவிடும். எங்களை உள்ளே விடாத பப்களும் நிறைய இருந்தன. அதற்காகத்தான் நாளை மறுநாள் பர்மிங்காம் பக்கத்து ஸ்மெத்திக்.

வியாழன், ஹிம்லி

பர்மிங்காமிலிருந்து டட்லி வழியாக வந்தேன். சாய்ந்த வீடு, 'க்ரூக்கட் ஹவுஸ்', இருந்த இடம். 1765இல் பண்ணை வீடாகக் கட்டியது, பிறகு பப் ஆனது. அடியில் நிலக்கரி தோண்டியதால் ஒரு பக்கம் நாலடி அளவுக்கு இறங்கி, கோணலாகவே நின்றது. உள்ளே மேசையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி உருள்வது போலத் தோன்றும். 2023 ஜூலையில் கைமாறியது. ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. 7ஆம் தேதி இடித்துத் தள்ளப்பட்டது. திரும்பக் கட்டச் சொல்லி 2024 பிப்ரவரியில் கவுன்சில் உத்தரவு போட, உரிமையாளர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். கார்ல்டன் டாவர்ன் போட்டுவைத்த பாதை என்பதால் எல்லோர் வாயிலும் அந்தப் பெயர் வருகிறது. 2017 மே முதல் இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறொன்றாக மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயம். சட்டம் இருந்தும் நடந்தது இது.

பார்க்க அங்கே எதுவும் இல்லை. அதிகம் நிற்காமல் திரும்பிவிட்டேன்.

வெள்ளி, ஸ்மெத்திக், வெஸ்ட் ப்ராம்விச்

ஸ்மெத்திக் ரோல்ஃப் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி ஹை ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். ப்ளூ கேட்ஸ். 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் காலடி வைத்த பப்.

அவரை அழைத்துவந்தவர் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவதார் சிங் ஜூஹல், ஃபவுண்டரி எனும் உலோக வார்ப்பாலையின் தொழிலாளி. முந்தைய ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நிறவெறிப் பிரசாரத்தின் பலத்தில் பீட்டர் கிரிஃபித்ஸ் இங்கே ஜெயித்திருந்தார். பக்கத்தில் மார்ஷல் ஸ்ட்ரீட்டில் காலியாகும் வீடுகளைக் கவுன்சிலே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் தர முயற்சி நடந்தது. பப்களில் வெளிப்படையான நிறத்தடை. சில இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். சில இடங்களில் பொது பாரில் நின்று குடிக்கலாம், லவுஞ்சில் உட்காரக் கூடாது. ப்ளூ கேட்ஸில் மால்கம் எக்ஸுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜூஹலும் தோழர்களும் நடத்திய போராட்டத்தின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளைக்கார மாணவர்கள் முதலில் உள்ளே போய்ப் பானம் வாங்குவார்கள். பிறகு இந்தியர்கள் போய்க் கேட்பார்கள். மறுத்தால் சாட்சி தயார். அந்தச் சாட்சியத்தை வைத்துப் பப்பின் உரிமம் புதுப்பிக்க வரும்போது ஆட்சேபம் எழுப்புவார்கள். உரிமம் போனால் பிழைப்பு போகும் என்று உரிமையாளருக்குத் தெரியும். அந்த வருடக் கடைசியில் இனஉறவுச் சட்டம் வந்து, பொது இடங்களில் நிறத்தின் பேரில் மறுப்பது சட்டவிரோதமானது.

ஆலைகள் மூடத் தொடங்கியதும் வெள்ளைத் தொழிலாளர் கூட்டம் கலைந்து, இந்த வட்டாரப் பப்கள் ஒவ்வொன்றாக நொடித்தன. அவற்றில் பலவற்றை எடுத்து நடத்தியவர்கள் பஞ்சாபிகள். தேசி பப் என்று இன்று ஊர் கொண்டாடுகிறதே, அது இப்படிப் பிறந்ததுதான். எந்தக் கதவில் நிறுத்தினார்களோ அதே மாதிரிக் கதவுகளைத் திறந்து வைத்திருப்பவர்கள் இவர்கள்.

மாலை வெஸ்ட் ப்ராம்விச்சில் ரெட் லயன். ஜன்னலில் பஞ்சாபிக் குடியேறிகளின் வரலாற்றை வண்ணக் கண்ணாடியில் வரைந்திருக்கிறார்கள், தேவாலயத்தில் புனிதர்களை வரைவது போல. மிக்ஸ்டு கிரில் வந்தது. இரும்புத் தட்டில் வெங்காயம் சுருண்டு கருக, அதன்மேல் சீக் கபாப், கோழி, ஆட்டு விலாத் துண்டு, நடுவில் எலுமிச்சை. சிணுங்கிக்கொண்டே மேசைக்கு வந்து சேர்வதற்குள் அறை முழுக்கப் புகை மணம். பக்கத்து மேசையில் வெஸ்ட் ப்ரோம் கால்பந்து அணியின் ஜெர்சி போட்ட வெள்ளைக்காரத் தாத்தாக்கள் அதே தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.

கவுன்டரில் நின்றபோது தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர், "எங்கிருந்து, பேட்டா?" என்று ஆரம்பித்தார். ஃபவுண்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம். உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது. பீர் குடிக்க வந்தால், அந்த ரூமுக்குப் போகாதே, இங்கேயே நில் என்பான் பப்காரன். காசை வாங்கும்போது மட்டும் வெள்ளைக்காரன் காசும் என் காசும் ஒன்று."

நேற்று ஹிம்லி போனேன் என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"பார்த்தாயா எங்கள் வீட்டை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். கோலிக்குண்டு மேலே ஏறுகிறது என்று என் மகள் அழுதே விட்டாள், பயந்து போய். இப்போது அவள் மகனுக்குக் காட்ட எதுவும் இல்லை. திரும்பக் கட்டத்தான் வேண்டும், அதே கோணலில்."

இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கோணலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எந்தச் சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கடிகாரம் எங்கே தொங்கியது, வாசலில் நுழையும்போது எந்தக் காலை முதலில் வைத்தால் தடுமாறாமல் நிற்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்று விடாமல் குறித்துக்கொண்டேன். திரும்பக் கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படும்.